இடிபாடுகளுக்கு நடுவே மூன்று மணி நேரம்: வாசகர் கேள்வி பதில்

ரோம் நகரின் பழைய இடிபாடுகளைக் குறைந்த நேரத்தில் எப்படிப் பார்ப்பது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விகளையெல்லாம் இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ரோமில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். கொலோசியம், ஃபோரம், பாலத்தைன் குன்று மூன்றையும் மூன்று மணி நேரத்தில் காட்டுகிறோம் என்று கைடுகள் விளம்பரம் செய்கிறார்கள். அதில் சேரலாமா, இல்லை நாங்களே டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

சேருங்கள். முக்கியமாக ஃபோரத்துக்காகச் சேருங்கள். கொலோசியத்தைப் பார்த்தால் அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உள்ளே போய் நின்றாலே புரிந்துவிடும். ஃபோரம் பழைய ரோமின் பொதுச் சதுக்கம், அது அப்படி இல்லை. பாதி உடைந்த தூண், மண்ணில் கிடக்கும் ஒரு தூணின் உச்சிக் கல், அரைச்சுவர், அதற்கப்பால் புல். ஆயிரம் வருஷத்துக்கும் மேலான கட்டடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன, எது எந்தக் காலத்தது என்று சொல்ல ஆள் இல்லையென்றால் அரை மணி நேரத்தில் கால் வலித்து வெளியே வந்துவிடுவீர்கள்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். உள்ளே பேரரசர் அந்தோனினஸ், அவர் மனைவி ஃபாஸ்தினா பெயரில் ஒரு கோயில் இருக்கிறது, கி.பி. 141இல் கட்டத் தொடங்கியது. முன்னால் உயரமான தூண்கள், பின்னால் பார்த்தால் கிறிஸ்தவ ஆலயத்தின் முகப்பு. அந்த ஆலயத்தின் பச்சை நிறக் கதவைக் கவனியுங்கள். படியும் இல்லாமல் பாதையும் இல்லாமல், ஆள் ஏற முடியாத உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். யாரோ தப்பாகக் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அந்தக் கதவை வைத்த காலத்தில் தரையே அந்த உயரத்தில்தான் இருந்தது. நூற்றாண்டு நூற்றாண்டாக மண்ணும் இடிபாடும் சேர்ந்து ஃபோரம் முழுவதையும் மூடியிருந்தது, மேலே மாடுகள் மேய்ந்தன, அந்த இடத்துக்கு மாட்டுவெளி என்றே பெயர். பிறகு தோண்டி எடுத்தபோது தரை கீழே இறங்கிவிட்டது, கதவு மட்டும் மேலேயே தங்கிவிட்டது. இதை ஒருவர் கைநீட்டிக் காட்டிவிட்டால் போதும், அதற்கப்புறம் ஃபோரத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ‘அப்போது தரை எங்கே இருந்தது’ என்று கண் தானாகத் தேட ஆரம்பிக்கும். குறுகிய சுற்றின் பயனே இதுதான். எல்லாவற்றையும் காட்டி முடிப்பது அதன் வேலை இல்லை, எப்படிப் பார்க்க வேண்டும் என்று பழக்கிவிடுவதுதான்.

அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண டிக்கெட்டில் கொலோசியத்துக்குள் ஒரு முறை, ஃபோரமும் பாலத்தைனும் சேர்ந்த பகுதிக்குள் ஒரு முறை, அவ்வளவுதான். வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. சுற்று முடிந்து வழிகாட்டி விடைபெற்றதும் கூட்டத்தோடு சேர்ந்து வெளியேறிவிடாதீர்கள். உள்ளேயே இருந்து, அவர் அவசரமாகக் கடந்த இடங்களுக்குத் திரும்பிப் போங்கள். நல்ல பார்வை அந்த இரண்டாவது சுற்றில்தான் கிடைக்கிறது.

ஒரே சுற்றுக்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு விலை சொல்கிறார்கள். வாசலிலேயே ‘வரிசை இல்லாமல் உள்ளே போகலாம்’ என்று கூப்பிடுகிறார்களாமே, நம்பலாமா?

வாசலில் கூப்பிடுபவரிடம் போகாதீர்கள். கொலோசியத்தின் டிக்கெட் இப்போது பெயர் போட்டுத் தருவது, நுழைவாயிலில் பாஸ்போர்ட் கேட்பார்கள், உள்ளே போகும் நேரமும் டிக்கெட்டிலேயே குறித்திருக்கும். பாதுகாப்புச் சோதனை வரிசையை எந்தச் சுற்றாலும் தவிர்க்க முடியாது. நுழைவுக் கட்டணம் 18 யூரோ, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம் (ஆனால் அவர்களுக்கும் தனியாக டிக்கெட் பதிவு செய்ய வேண்டும்). அதற்கு மேல் நீங்கள் கொடுப்பதெல்லாம் வழிகாட்டிக்கும் ஏற்பாட்டுக்கும்.

பணம் கட்டுமுன் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விலையில் நுழைவு டிக்கெட் சேர்ந்திருக்கிறதா? ஃபோரத்துக்குள் நிஜமாகவே நடக்கப் போகிறோமா, இல்லை வெளியே சாலையில் நின்று காட்டிவிட்டு அனுப்பிவிடுவார்களா? குழுவில் எத்தனை பேர்? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். பெரிய குழுவில் காதில் கருவி மாட்டிவிடுவார்கள், குரல் நன்றாகவே கேட்கும், ஆனால் ‘அதோ அந்தக் கீறலைப் பாருங்கள்’ என்று அவர் சொல்லும்போது நீங்கள் முப்பதடி பின்னால் ஒரு தூணுக்கு மறுபக்கம் இருப்பீர்கள். பத்துப் பேருக்கு மேல் போகாத குழுவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பே இல்லை. இத்தாலியில் வழிகாட்டிகளுக்கு அரசு உரிமம் கட்டாயம், அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கொலோசியத்தின் சுவர் முழுக்கக் குண்டு துளைத்த மாதிரி ஓட்டைகள் இருக்கின்றனவே, போரில் நடந்ததா?

போருக்கும் அந்த ஓட்டைகளுக்கும் சம்பந்தமில்லை. வெளிச்சுவரின் டிராவர்ட்டின் என்ற வெளிர்நிறக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கி, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் இரும்புப் பட்டையை இறக்கி, ஈயம் ஊற்றிப் பிணைத்திருந்தார்கள். இடைக்காலத்தில் கட்டடம் கவனிப்பாரற்றுப் போனபோது அந்த இரும்பையும் ஈயத்தையும் எடுப்பதற்காகவே கல்லைக் குடைந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும், ஓட்டைகள் பெரும்பாலும் கல்லின் நடுவில் இல்லாமல் இரண்டு கற்கள் சேரும் இடத்தில்தான் இருக்கும். எங்கே இரும்பு இருக்கும் என்று தெரிந்துதான் தோண்டியிருக்கிறார்கள்.

பிணைப்பு போன கட்டடம் எத்தனை நாள் தாங்கும்? 1349இல் வந்த நிலநடுக்கத்தில் தெற்குப் பக்க வெளிச்சுவர் சரிந்தது, விழுந்த கல்லை அரண்மனைகளுக்கும் ஆலயங்களுக்கும் கொண்டுபோனார்கள். அதனால்தான் வடக்குப் பக்கம் நான்கு அடுக்கும் முழுசாக, ஏறக்குறைய 48 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது, மறுபக்கம் குட்டையாக இருக்கிறது.

ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றது ஃபோரத்தில்தானே? அந்த இடத்தைக் காட்டுவார்களா?

ஃபோரத்தில் இல்லை. கி.மு. 44 மார்ச் 15 அன்று ரோமின் ஆட்சி மன்றமான செனட் கூடியது, தளபதி பாம்பே கட்டிய அரங்கத்தோடு சேர்ந்த மண்டபத்தில். அந்த இடம் இன்று லார்கோ டி டோரே அர்ஜென்டினா என்ற சதுக்கம், ஃபோரத்திலிருந்து நடந்தே போகலாம். சாலை மட்டத்திலிருந்து குனிந்து பார்த்தால் கீழே நான்கு பழைய கோயில்களின் அடித்தளமும், அவற்றின் மேல் வெயில் காயும் பூனைகளும் தெரியும். 2023இலிருந்து உள்ளே இறங்கி நடக்கவும் பாதை போட்டிருக்கிறார்கள்.

ஃபோரத்தில் நடந்தது தகனம். சிதை மூட்டிய இடத்தில் சீசரின் வாரிசு அகஸ்டஸ் பின்னர் ஒரு கோயில் எழுப்பினார். இன்று எஞ்சியிருப்பது சின்னக் கூரைக்கடியில் ஒரு மேடு, அவ்வளவுதான், தெரியாதவர்கள் ஏதோ மண்குவியல் என்று தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறமும் அங்கே யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப் போக ஆசை, பயமாகவும் இருக்கிறது.

கூட்டிப் போங்கள், ஆனால் ஃபோரத்துக்குள் நீண்ட நடை வேண்டாம். அங்கே பழைய பாதையில் பதித்திருப்பது பெரிய கருங்கற்கள், மேல்பக்கம் உருண்டு, இடைவெளி விட்டுக் கிடக்கும். நல்ல காலுக்கே பார்த்துத்தான் வைக்க வேண்டும், மழை பெய்திருந்தால் வழுக்கும். கொலோசியத்தில் லிஃப்ட் இருக்கிறது, முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் செங்குத்துப் படிக்கட்டில் கூட்டிப்போய்விடுவார்கள்.

ஃபோரத்தை அம்மா மேலிருந்து பார்க்கட்டும். கேப்பிடோலைன் குன்றில் நகராட்சி மாளிகையின் பக்கவாட்டில் போனால் மொத்த ஃபோரமும் காலடியில் விரிந்து கிடக்கும், கட்டணம் கிடையாது, வாடகைக் காரிலேயே பக்கம் வரை போய்விடலாம். என்னைக் கேட்டால் முதல் தடவை பார்க்க அதுதான் சரியான இடம், முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கும் கூட. அப்புறம் பாந்தியன் என்ற பழைய கோயில். உள்ளே தரை சமதளம், 2023இல் கொண்டுவந்த கட்டணம் 5 யூரோ, தலைக்கு மேலே 43 மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் கூரை, நடுவில் வானம் தெரியும் வட்டத் திறப்பு. கம்பி வைக்காத கான்கிரீட், ஏறக்குறைய 1,900 வருஷமாக நிற்கிறது. அம்மாவை ஓரமாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றுங்கள், அவர் உங்களைவிட அதிகமாகப் பார்த்திருப்பார்.

ஜூலை மாதம், மதியம் 2 மணிக்குத்தான் இடம் கிடைக்கிறது. பரவாயில்லையா?

வேண்டாம். ஃபோரத்தில் நிழல் மிகக் குறைவு. வேறு நாள் காலை முதல் நேரத்துக்கு மாற்றப் பாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் தொப்பி, ஒரு காலி பாட்டில், அப்புறம் பாலத்தைன் குன்றின் பைன் மரங்கள். பாட்டில் பிளாஸ்டிக்கோ உலோகமோ இருக்கட்டும், கண்ணாடியை உள்ளே விடமாட்டார்கள். தண்ணீருக்குக் கவலை இல்லை, நகரம் முழுக்கத் தெருக்குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

பத்து வயதுப் பையன். கல்லையும் தூணையும் பார்த்து சலித்துப்போவானே?

வேலை கொடுங்கள். கொலோசியத்தின் தரைத்தள வளைவுகள் மொத்தம் 80, அவற்றில் 76க்கு எண் உண்டு, பார்வையாளர்கள் தங்கள் சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்து அந்த வாசல் வழியாகப் போவார்கள். வடக்குப் பக்கத்தில் 23 முதல் 54 வரையான ரோமன் எண்கள் வளைவுகளுக்கு மேலே இன்னும் தெரிகின்றன. 44ஆம் வாசலைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் படித்ததை வைத்துத் தேடினால் குழம்புவான், ஏனென்றால் கடைசி நான்கைக் குறிக்க அங்கே நான்கு கோடுகளையும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ‘ஐந்துக்கு முன் ஒன்று’ என்ற நம் பாடப்புத்தக முறை இல்லை.

உள்ளே அரங்கத்தின் அடியில் தெரியும் சுவர்களைக் காட்டி, மிருகங்களை எப்படி மேலே கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள். ஆட்கள் சுழற்றும் உருளை, கயிறு, மரக்கூண்டு, மேலே மணல் தூவிய பலகைத் தரையில் ஒரு திறப்பு. இதை நன்றாகச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் பையன் அவர் கையை விடமாட்டான்.

நம் ஊர் மிளகு ரோமுக்குப் போனது என்று படித்திருக்கிறோம். அதற்கு அங்கே ஏதாவது அடையாளம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பெரும்பாலான குறுகிய சுற்றுகளில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். ஃபோரத்தில் மூன்று பிரம்மாண்ட வளைவுகளோடு மாக்ஸென்டியஸின் பசிலிக்கா என்ற பெரிய பொது மண்டபம் நிற்கும். அதன் அடியில் பேரரசர் டொமிஷியன் காலத்தில் கட்டிய மிளகுக் கிடங்கு புதைந்திருக்கிறது. முசிறியில் ஏற்றிய மூட்டைகள் செங்கடலைத் தாண்டி, எகிப்து வழியாக வந்து சேர்ந்தது பேரரசின் நட்டநடு இடத்துக்கு! அந்த வளைவுகளுக்குக் கீழே ஐந்து நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டு வாருங்கள், எனக்காக.

நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்கும் போக முடிந்தால், எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரில் 1938இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலையைத் தேடிப் பாருங்கள். ஓர் அடிக்கும் குறைவான உயரம், இடுப்பிலும் கையிலும் அணிகள். எரிமலை வெடித்த கி.பி. 79க்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்ட பெண்.

ரோமிலிருந்து பாம்பேய்க்கு ஒரே நாளில் போய் வரலாமா? கூட்டம் குறைவான வேறு இடம் உண்டா?

போய் வரலாம். நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போலாகும், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஏறக்குறைய நாற்பது நிமிஷம். ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள், டிக்கெட்டில் பெயரும் வேண்டும், அதனால் முன்பதிவு செய்துவிடுங்கள். ஊர் 66 ஹெக்டேர், மூன்றில் ஒரு பங்கை இன்னும் தோண்டவே இல்லை. இரண்டு மணி நேரச் சுற்றில் முழு ஊரையும் பார்க்க நினைக்காதீர்கள். கிழக்குக் கோடியில் இருக்கும் வட்ட அரங்கத்தை விட்டுவிடலாம், அந்த நேரத்தில் ஒரு தெருவை ஒழுங்காகப் பாருங்கள். குறுக்கே கடக்க உயர்த்திப் போட்ட கற்கள், அவற்றுக்கு நடுவே வண்டிச் சக்கரம் போக விட்ட இடைவெளி, சக்கரம் தேய்த்த பள்ளம், ஓரத்தில் சூடான உணவு விற்ற கடையின் கல்மேடை, அதில் பானைகள் பதித்த வட்டக் குழிகள்.

கூட்டமே வேண்டாம் என்றால் ஓஸ்தியா அந்திகா. ரோமின் பழைய துறைமுகம். பிரமிதே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் புறநகர் ரயிலில் அரை மணி நேரம், நகரத்துச் சாதாரண டிக்கெட்டே போதும். சாதாரண ஜனங்கள் வாடகைக்கு இருந்த மாடிக் கட்டடங்கள், வரிசையாகக் கல்லிருக்கை போட்ட பொதுக்கழிப்பிடம், வணிகர்கள் தங்கள் அலுவலக வாசலில் கப்பலும் யானையுமாகப் பதித்த கறுப்பு வெள்ளை மொசைக், எல்லாம் அங்கே இருக்கின்றன. திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை.