கால் கூடிவிட்டது, ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் நான். டியூட்டியில் இருந்தபோது எதிரே வந்த லாரி மோதி கால் முறிந்தது. எலும்பு கூடியதும் மெடிக்கல் போர்டு தகுதிச் சான்று கொடுத்துவிட்டது. ஆனால் சீட்டில் உட்கார்ந்தாலே கை நடுங்குகிறது. எதிரே ஹெட்லைட் தெரிந்தால் மூச்சு முட்டுகிறது. தகவல் சொல்லாமல் நின்றுவிட்டதற்கு சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வந்திருக்கிறது. டிப்போவில் ‘நடிக்கிறான்’ என்கிறார்கள். மனநல மருத்துவரைப் பார்த்தால் வேலைக்கே ஆபத்தாகுமோ? ராஜினாமா செய்துவிடலாமா ஐயா?

பதில்: ராஜினாமா வேண்டவே வேண்டாம். யார் வற்புறுத்தினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 20(4), உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப்பலன்களோடு மாற்றுப்பணி தர வேண்டும். மனநோயும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உண்டு. தனியார் பஸ் ஓட்டுநருக்கு இந்தப் பிரிவு உதவாது. அது எனக்குப் பெரிய வருத்தம்.

மெமோவுக்கு வருவோம். சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடத்தைக்கு மனநலக் குறைபாடு ஒரு காரணமாக இருந்தாலே போதும், அதற்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்றது. அவருக்கு வேறு பணி கொடுக்கலாம், ஆனால் துப்பாக்கியைக் கையாளும் வேலையாக இருக்கக்கூடாது என்றும் சொன்னது. உங்கள் விஷயத்தில் துப்பாக்கி இருந்த இடத்தில் ஸ்டியரிங் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் மருத்துவப் பதிவு இருந்தால்தான் நிற்கும். நீங்கள் பயப்படும் அந்த மனநல மருத்துவச் சீட்டுதான் உங்களைக் காப்பாற்றப்போகிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு உடனே போங்கள். விபத்து நடந்த தேதி, தூக்கம் கெட்டது, கை நடுங்குவது எல்லாவற்றையும் சொல்லி நோயாளிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ராத்திரியில் தாங்கமுடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள், கட்டணமில்லை. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. விபத்தின் அதிர்ச்சியால் வரும் இந்த நோய் சிகிச்சைக்குக் கேட்கும். பலர் குணமாகி வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள். அதுவரை, மருத்துவர் சம்மதிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உயிரும் உங்கள் கையில் இருக்கிறது.

கிளை மேலாளருக்கு இரண்டு கடிதங்கள் எழுதுங்கள்: ஒன்று மெமோவுக்குப் பதில், மற்றொன்று 20(4)ஐக் குறிப்பிட்டு மாற்றுப்பணியும், மனநல மருத்துவர் இடம்பெறும் மறு மருத்துவப் பரிசோதனையும் கேட்டு. பதில் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். மெமோவுக்குப் பதில் தரும் கெடு நெருங்கியிருந்தால், சிகிச்சையில் இருப்பதைச் சொல்லி அவகாசம் கேட்டு, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் இன்றே அனுப்புங்கள்.