மகனின் முழங்கால் வீக்கம்: உருவ வேண்டாம், எக்ஸ்ரே எடுங்கள்

சகோதரி, 14 வயது மகனுக்குப் பந்து பட்டதிலிருந்து முழங்காலுக்கு மேல் வீக்கம், இரவில் தூங்க முடியாத வலி, வைத்தியர் எண்ணெய் போட்டு உருவிக் கட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உருவுவதை இன்றே நிறுத்துங்கள். வளரும் வயதில் வரும் வளர்ச்சி வலி என்றும் விட்டுவிடாதீர்கள்; அது பெரும்பாலும் இரு கால்களிலும் வரும், விடிந்தால் போய்விடும், வீக்கம் இருக்காது. நாளைக்கே எக்ஸ்ரே எடுங்கள். தொற்றாகவும் இருக்கலாம், பயந்துவிடாதீர்கள்.

எலும்புக் கட்டி என்று சந்தேகித்தால், ஊசியால் கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியை உள்ளூரில் அவசரமாகச் செய்யவிடாதீர்கள். அறுவை சிகிச்சை செய்யப்போகும் மையத்திலேயே, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்தில், செய்ய வேண்டும். ஊசி போன பாதையையும் பிறகு அகற்ற நேரிடலாம். தவறான இடத்தில் குத்தினால் காலைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும். ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோயே என்றாலும், கீமோ என்ற மருந்துச் சிகிச்சைக்குப் பிறகு காலை எடுக்காமலே கட்டியை மட்டும் அகற்றுவது இன்று பலருக்கும் சாத்தியம். என்னவென்று தெரியும்வரை அவனை ஓடவிடாதீர்கள். கட்டி இருந்தால் அந்த எலும்பு எளிதில் முறியும்.