மழை ஆண்டின் ஜூனிபர், வெயில் ஆண்டின் ஜூனிபர்

கேள்வி: கோவாவில் ஒரு சிறிய ஜின் ஆலையில் கொள்முதல் பார்க்கிறேன். ஜின் மதுவுக்கு வாசம் தருவது ஜூனிபர் காய். இந்த முறை வந்த ஜூனிபரில் வாசம் மந்தமாக இருக்கிறது. "பருவநிலை மாறிவிட்டது, இனி எல்லாம் இப்படித்தான் வரும். பழைய சரக்கு இருக்கிறது, மூன்று ஆண்டுக்குச் சேர்த்து வாங்கி வையுங்கள்" என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஜூனிபரின் வாசம் அதன் எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெய் காற்றில் பறந்துவிடும். பருவநிலை கெடுப்பதற்கு முன்பே மூன்று ஆண்டுக் கிடங்கு கெடுத்துவிடும்.

ஆனால் தரகர் சொன்னதில் பாதி உண்மை. ஸ்காட்லாந்தின் ஹெரியட் வாட் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்த ஜூனிபரைச் சோதித்தார்கள். மழை மிகுந்த ஆண்டில் பறித்ததில், வறண்ட ஆண்டை விட வாசனைப் பொருள் ஏறத்தாழ 12 சதவீதம் குறைவாக இருந்தது. ஈரத்தோடு பறித்ததை நெடுநேரம் உலர்த்த வேண்டியிருக்கிறது. வாசம் மாறுவது அங்கேதான். இது பெரும்பாலும் மலைச்சரிவில் தானாக வளரும் புதர். மக்கள் கோலால் தட்டி உதிர்த்துச் சேகரிக்கிறார்கள். மழைக்கு ஒதுங்க வழியில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது அறுவடை ஆண்டு. மூட்டையில் நாடு இருக்கும், இறக்குமதித் தேதி இருக்கும், அறுவடை ஆண்டு மட்டும் இருக்காது. இறக்குமதித் தேதியையே அறுவடை ஆண்டாகச் சொல்லி விற்ற தரகர்களை நானே பார்த்திருக்கிறேன். ஈரப்பதத்துக்குச் சான்றிதழ், பூஞ்சைக்குச் சான்றிதழ், முத்திரைக்கு மேல் முத்திரை. எந்த மழையில் நனைந்த காய் என்று ஒருவரும் கேட்பதில்லை. திராட்சை மதுவுக்கு ஆண்டு கேட்பவர்கள் இதற்கு ஏன் கேட்கக்கூடாது?

வந்த சரக்கில் பத்துக் காயை நகத்தால் நசுக்குங்கள். முதலில் பைன் மரப் பிசின் வாசம், அடுத்து ஆரஞ்சுத் தோல் வாசம் வர வேண்டும். விரல் பிசுபிசுக்க வேண்டும். கல்லாக இறுகி, உடைத்தால் தூளாக உதிர்வது பழைய சரக்கு. பிறகு பழைய மூட்டையிலும் புதிய மூட்டையிலும் ஒரே எடை எடுத்துத் தனித்தனியாக வடித்து, நீர் சேர்த்து ஆல்கஹால் அளவை 20 சதவீதத்துக்கு இறக்கி முகர்ந்து பாருங்கள். மந்தமாக இருந்தால் ஜூனிபரைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மற்ற மசாலாக்களில் கை வைக்க வேண்டாம்.

இமயமலை ஜூனிபர் மட்டும் தனிக் கதை. அதை வாங்கும்போது ஆண்டை விட இனம் முக்கியம். ஜூனிபரில் பல இனங்கள் உண்டு. ஜின்னுக்கு உரியது கம்யூனிஸ் இனம். சாவின் என்ற இனம் நஞ்சு. காய்களை மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். அதனால் காயோடு கூடிய சிறு கிளையை மாதிரியாகக் கேளுங்கள். கம்யூனிஸில் ஊசி இலைகள் மூன்று மூன்றாக நிற்கும், மேற்பக்கம் வெள்ளைக் கோடு இருக்கும். முதிர்ந்த சாவினில் இலை செதிள் போலக் கிளையோடு ஒட்டியிருக்கும். கிளை தர மறுப்பவரிடம் ஒரு கிலோ கூட வாங்காதீர்கள்.

ஆறு மாதத் தேவைக்கு வாங்குங்கள். காற்றுப் புகாத கலனில், வெயில் படாத குளிர்ந்த அறையில் வையுங்கள். அடுத்த கொள்முதல் ஆணையில் அறுவடை ஆண்டை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.