பழைய அவுட்போர்டு எஞ்சினுக்கு எந்த 2டி ஆயில்? கேள்வி பதில்

முப்பது வருடமாக அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்னால் மாட்டும் எஞ்சின், பிரித்து மாட்டுகிறேன். 2டி என்பது 2 ஸ்ட்ரோக் எஞ்சினுக்காகப் பெட்ரோலிலேயே கலக்கும் ஆயில். பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பதையே நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

குளச்சலிலிருந்து: அண்ணாச்சி, என் வள்ளத்தில் 9.9 எச்பி பழைய எஞ்சின். பெட்ரோல் பங்க்கில் பைக்குக்கு விற்கிற 2டி ஆயிலையே ஊற்றுகிறேன். விலையும் குறைவு. இதனால் கெடுதல் உண்டா?

உண்டு தம்பி. உடனே தெரியாது, அதுதான் வம்பு.

பைக் எஞ்சின் காற்றில் குளிர்கிறது, உள்ளே சூடு அதிகம். அந்தச் சூட்டிலும் பிஸ்டனைச் சுத்தமாக வைக்க, அதற்கான ஆயிலில் கால்சியம் போன்ற உலோக உப்பு கொஞ்சம் சேர்ப்பார்கள். எரிந்த பிறகு அது சாம்பலாக மிஞ்சும். பைக்கில் நாம் சிக்னலுக்குச் சிக்னல் ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைப்பதால் அவ்வளவாகத் தொந்தரவு இல்லை. உங்கள் எஞ்சின் கடல்தண்ணீரில் குளிர்கிறது. கரையை விட்டால் முழு வேகத்தில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஒரே ஓட்டம். சாம்பல் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படிந்து, கங்கு மாதிரி கனன்றுகொண்டே இருக்கும். பிளக் பொறி விடுவதற்கு முன்னாலேயே அந்தக் கங்கு பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். நடுவில் காசு அளவுக்கு ஓட்டை விழுந்த பிஸ்டனை என் பட்டறை அலமாரியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தண்ணீரில் குளிரும் 2 ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான, சாம்பல் விடாத ஆயில் என்பது அதன் அர்த்தம். உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடிக்காமல் காக்கிறதா என்றும் சோதித்துத்தான் அந்த முத்திரை தருகிறார்கள். பைக் ஆயிலுக்கு அந்தச் சோதனை கிடையாது. ஜாசோ எஃப்சி, எஃப்டி என்ற ஜப்பான் தர முத்திரை மட்டும் போட்டிருந்தால் அது பைக்குக்கும் மரம் அறுக்கும் மெஷினுக்கும்.

மண்டபம்: எஞ்சின் கம்பெனி பேர் போட்ட ஆயில்தான் வாங்க வேண்டுமா அண்ணே?

வேண்டாம். டிசி-டபிள்யூ3 முத்திரை தருவது அமெரிக்காவின் என்எம்எம்ஏ என்ற படகுத் தொழில் சங்கம். முறையாக அனுமதி வாங்கிய டப்பாவில் ஆர்எல் என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அது இருந்தால் எந்தக் கம்பெனி ஆயிலும் சரி. “டிசி-டபிள்யூ3 தரத்துக்கு ஏற்றது” என்று மட்டும் எழுதி எண் போடாத டப்பாவை நான் தொடமாட்டேன்.

நாகப்பட்டினம்: பச்சை ஆயில் நல்லதா, நீல ஆயில் நல்லதா?

நிறம் வெறும் சாயம். பெட்ரோலில் ஆயில் கலந்தாச்சா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிவதற்காகப் போடுவது.

யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கட போட்டுக்கு மண்ணெண்ணெயில ஓடுற எஞ்சின். பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். ஒயில் மண்ணெண்ணெயில மட்டும் கலந்தால் போதும்தானே? பிளக்கும் அடிக்கடி கரி பிடிக்குது.

போதாது தம்பி. ஸ்டார்ட் பண்ணும் பெட்ரோலிலும் கலக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற எஞ்சின், காலையில் முதல் சுற்றிலேயே ஆயில் இல்லாத பெட்ரோலைக் குடித்தால் சிலிண்டர் சுவர் காய்ந்துபோகும். இந்தத் தப்பைப் பல பேர் செய்கிறார்கள், சின்ன டேங்க்தானே என்று.

பிளக் கரி பிடிப்பதற்கு ஆயிலை மட்டும் குறை சொல்லாதீர்கள். மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது. எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன் மாற்றினால் பாதி எரியாமல் சுவரில் வழிந்து, அங்கே இருக்கும் ஆயில் படலத்தையும் கழுவிவிடும். சூடேறிய பிறகு மாற்றுங்கள். கரைக்கு வரும்போது நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பெட்ரோலுக்குத் திருப்புங்கள், அப்போதுதான் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது. ஆயில் இதற்கும் டிசி-டபிள்யூ3தான். கலவை அளவை மட்டும் அந்த மாடலின் புத்தகத்தைப் பார்த்துப் போடுங்கள். பெட்ரோல் மாடலின் கணக்கை இதில் கொண்டுவர வேண்டாம்.

தேங்காய்ப்பட்டணம்: எவ்வளவு கலப்பது? எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு கணக்கு. நான் கூடவே ஊற்றிவிடுவேன், எஞ்சினுக்கு நல்லதுதானே?

பெரும்பாலான பழைய எஞ்சினுக்கு 50:1. லிட்டருக்கு 20 மில்லி. 25 லிட்டர் கேனுக்கு அரை லிட்டர். புது பிஸ்டன், ரிங் போட்டிருந்தால் முதல் 10 மணி நேரம் இரண்டு மடங்கு, அதாவது 25:1.

குவார்ட்டர் பாட்டிலால் அளக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: 180 மில்லி, சரியாக 9 லிட்டருக்கு. பாட்டிலில் வேறெதுவும் மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட ஊற்றினால் நல்லது என்பது பாதி உண்மைதான். ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. கார்பரேட்டருக்கு அது தெரியாது, அதே அளவைத்தான் விடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் குறைந்து சூடு ஏறும். புகையும் கரியும் தனி. ஆனால் குறைப்பது இதைவிட மோசம். 1980களின் நடுவில் ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களுக்கு 100:1 போதும் என்று கம்பெனியே சொன்னது. பிறகு 50:1க்கே திரும்பிவிட்டது. 100:1 என்று ஸ்டிக்கர் ஒட்டிய பழைய எஞ்சின் கையில் இருந்தால் அதற்கும் 50:1 போடுங்கள்.

சென்னை: சார், பழைய பொருள் சேகரிக்கிறேன். ஒரு பிரிட்டிஷ் சீகல் கிடைத்திருக்கிறது. அதற்கும் 50:1தானா?

ஐயோ, வேண்டாம். சீகல் வேறு காலத்து எஞ்சின். பழைய மாடல்கள் 10:1 கேட்கும், லிட்டருக்கு 100 மில்லி. பிந்தைய மாடல்கள் 25:1. உருளை பேரிங் இல்லாமல் புஷ்ஷில் சுற்றுகிற தண்டுக்கு நிறைய ஆயில் வேண்டும். 1964க்கு முந்தைய ஜான்சன், எவின்ரூட்களும் பெரும்பாலும் 24:1 கேட்பவைதான். அளவு பழையதாக இருக்கட்டும், ஆயில் இன்றைய டிசி-டபிள்யூ3 ஆக இருக்கட்டும். ஓடும்போது பின்னால் புகைமூட்டம் எழும், ஆயிலும் தண்ணீரில் மினுங்கும். ஏரி குளத்தில் ஓட்டாதீர்கள், சார்.

முட்டம்: கடலில் ஆயில் தீர்ந்துபோய், பக்கத்து வள்ளத்தில் வாங்கிய 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலைக் கலந்து கரை சேர்ந்தோம். எஞ்சின் போயிற்றா?

போகவில்லை. ஆயிலே இல்லாமல் வந்திருந்தால்தான் போயிருக்கும். மிச்சத்தை வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து, சரியான கலவையில் ஓட்டுங்கள். வழக்கமாக்கிவிடாதீர்கள்; அதில் சாம்பல் பைக் ஆயிலைவிட அதிகம்.

தூத்துக்குடி: மிச்சமான டிசி-டபிள்யூ3ஐ என் ஆர்எக்ஸ் 100 பைக்கில் ஊற்றலாமா?

கூடாது. அந்தச் சூட்டுக்கு அது தாங்காது, ரிங் ஒட்டிக்கொள்ளும்.

ராமேஸ்வரம்: இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறதே, ஆயிலை மாற்ற வேண்டுமா?

ஆயிலை அல்ல, பழக்கத்தை மாற்ற வேண்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். கடற்கரையில் மூடி சரியாக இல்லாத டேங்கில் அளவு மீறித் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். உறிஞ்சும் குழாய் இருப்பதோ அடியில். ஆக எஞ்சின் குடிப்பது ஆயில் இல்லாத தண்ணீர்ச் சரக்கு. போன மழைக்காலத்தில் இப்படிச் சிக்கிய இரண்டு எஞ்சின் என்னிடம் வந்தன. இரண்டு பேரும் ஆயில் கடைக்காரரைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்கள்.

அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலங்கள். முதலில் கொஞ்சம் பெட்ரோல், பிறகு ஆயில், நன்றாகக் குலுக்கி, மீதிப் பெட்ரோல். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள். பழைய ரப்பர் ஓஸும் கையால் அமுக்கும் பல்பும் எத்தனாலில் ஊறி உப்பும், அதையும் மாற்றிவிடுங்கள்.