மகள் திங்க் டேங்க் வேலைக்குப் போக ஆசைப்பட்டால்

வணக்கம் அம்மா,

பொருளியல் முதுகலை முடிக்கப்போகும் உங்கள் மகள், அரசுத் தேர்வு எழுதாமல் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தில் சேரப்போகிறேன் என்கிறாள். "அறிக்கை எழுதி அலமாரியில் அடுக்குவதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். திங்க் டேங்க் என்று சொல்லப்படும் இந்த நிறுவனங்களின் அறிக்கைகளில் பலவும் அலமாரிக்குத்தான் போகின்றன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அரசின் மேசைக்குப் போய்ச் சேர்ந்த சில அறிக்கைகள் செய்த வேலை பெரியது.

அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற திங்க் டேங்க் 1973-ல் தொடங்கியது. 1980 தேர்தலுக்கு முன்பே, அடுத்த அரசு துறைவாரியாக என்ன செய்யலாம் என்று எழுதத் தொடங்கிவிட்டது. ரீகன் 1981-ல் அதிபராகப் பதவியேற்றபோது ஆயிரம் பக்கங்களுக்கு மேல் தயாராக இருந்தது. எழுதியவர்களில் பலர் அந்த அரசிலேயே பதவிக்கும் போனார்கள். புதிதாக வரும் அமைச்சருக்கு முதல் சில மாதங்களில் உட்கார்ந்து யோசிக்க ஏது நேரம்? யாரிடம் திட்டம் எழுதி முடித்துக் கையில் இருக்கிறதோ, அவர் சொல் அப்போது எடுபடும். செல்வாக்கு என்பது பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

இன்னொன்றையும் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1970-களில் ராண்ட் என்ற இன்னொரு அமெரிக்க திங்க் டேங்க் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு இலவச மருத்துவமும் மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கைக் கட்டும் காப்பீடும் கொடுத்தார்கள். பங்கு கட்டியவர்கள் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். சராசரியாகப் பார்த்தால் அவர்கள் உடல்நலம் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் ஏழைகளாகவும் நோயாளிகளாகவும் இருந்தவர்களுக்கு இலவச மருத்துவம்தான் நன்மை செய்தது, குறிப்பாக ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதில். நோயாளியே ஒரு பங்கைக் கட்டட்டும் என்ற வாதத்துக்கு முதல் முடிவு பெரிய பலமாக அமைந்தது. இரண்டாவது முடிவு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை என்பது என் கருத்து. முதல் பக்கச் சுருக்கத்தில் எது இடம்பெறுகிறது என்பதை அதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்கிறார். உங்கள் மகள் செய்யப்போவது அந்த வேலைதான். அதனால்தான் இதில் மனசாட்சி உள்ள பிள்ளைகள் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, பணம். இந்த நிறுவனங்கள் நன்கொடையிலும் நிதி உதவியிலும் நடப்பவை. கொடுப்பவர் அரசாக இருக்கலாம், கம்பெனியாக இருக்கலாம், அறக்கட்டளையாகவும் இருக்கலாம். நேர்காணலில் அவள் தயங்காமல் கேட்கட்டும்: நிதி யாரிடமிருந்து வருகிறது? அவர்களுக்குப் பிடிக்காத முடிவு வந்தால் வெளியிடுவீர்களா? அப்படி வெளியிட்ட ஒரு அறிக்கையாவது காட்ட முடியுமா? முகம் சுளித்தால் அங்கே சேர வேண்டாம் என்பேன்.

ஆரம்பத்தில் ஆய்வு உதவியாளர் வேலைதான் கிடைக்கும். அதுவும் பல இடங்களில் ஒப்பந்த அடிப்படையில், ஒரு திட்டம் முடியும்வரை மட்டும். நிலையான வேலை என்று நீங்கள் நினைப்பது முதல் சில வருடங்களில் இருக்காது. மேலே போக முனைவர் பட்டம் கேட்பார்கள். அப்புறம், இங்கே சேர்ந்தால் அரசுப் பக்கம் கதவு மூடிவிடும் என்று பயப்படாதீர்கள். ஆலோசகராகவும் குழு உறுப்பினராகவும் அங்கே போகிறவர்கள் உண்டு, அங்கிருந்து ஓய்வுபெற்று இங்கே வருகிறவர்களும் உண்டு. தேர்வுக்கு வயது வரம்பு இருந்தால் அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

புள்ளியியல், பட்ஜெட் ஆவணம் படிக்கும் பழக்கம், இரண்டும் அவளுக்குக் கட்டாயம் தேவை. மூன்றாவது, சுருக்கமாக எழுதுவது. அதை நீங்களே சோதிக்கலாம். அவளுக்குப் பிடித்த ஒரு கொள்கைப் பிரச்சினையைப் பற்றி இரண்டே பக்கம் எழுதி உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பொருளியல் படிக்காத உங்களுக்கு அது புரிகிறதா, எந்த இடத்தில் தடுக்கிறது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். அதை வைத்து அடுத்த முறை அவளோடும் சேர்ந்து பேசுவோம்.