நல்ல ஆலோசகரை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரியில் கவுன்சிலிங் பட்டயப் படிப்பு தொடங்குகிறோம். மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்து, கலகலப்பாகப் பழகுகிறவர்களையும் இரக்க மனம் உள்ளவர்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எனக்கு ஏனோ ஒப்பவில்லை. நல்ல ஆலோசகராக வரக்கூடியவரை முதலிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

ஓரளவு முடியும். ஆனால் வினாத்தாளை நம்பாதீர்கள். ‘பிறர் துயரம் என்னைப் பாதிக்கிறதா?’ என்று கேட்டால், இடம் கிடைக்க விரும்பும் யார்தான் ‘இல்லை’ என்று குறிப்பார்கள்?

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு நிபந்தனை உண்டு. ஆலோசகரிடம் பரிவு இருந்தால் போதாது, எதிரே இருப்பவருக்கு அது கொஞ்சமாவது போய்ச்சேர வேண்டும். அதை ஆலோசகரிடமே கேட்டு எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்காவில் டிமத்தி ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வைக் குழுவில் எடுத்துச் சொல்லுங்கள். 25 சிகிச்சையாளர்கள், அவர்களிடம் வந்த 1,141 பேர். சிகிச்சையாளர்களுக்குச் சின்னச் சின்ன வீடியோக்களைக் காட்டினார்கள். அதில் வருகிறவர் கோபப்படுவார், அல்லது பிடிகொடுக்காமல் ஒதுங்குவார். இவருக்கு இந்த நொடியே நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? அதைப் பதிவு செய்து மதிப்பிட்டார்கள். அதில் நன்றாகச் செய்தவர்களிடம் வந்தவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். தங்கள் பழகும் திறனைப் பற்றிச் சிகிச்சையாளர்களே நிரப்பிக் கொடுத்த வினாத்தாளிலிருந்து இதைக் கணிக்க முடியவில்லை.

கலகலப்பானவர் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை உண்டு. வந்தவர் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி மௌனமாக இருக்கும்போது, இவர் அந்த இடைவெளியைப் பேசி நிரப்பிவிடுவார். இரக்கம் மிகுந்தவரோ அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று முடித்துவைப்பார். இரண்டு குணமும் நல்லவைதான். ஆனால் இந்த நாற்காலியில் உட்கார அவை மட்டும் போதாது. நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: யார் கஷ்டம் சொன்னாலும் உடனே அறிவுரை சொல்லும் பழக்கம்.

அதனால் நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள ஓர் ஆலோசகர் எரிச்சலோடு வந்தவராக எதிரே உட்காரட்டும். பத்து நிமிடம் போதும். அப்புறம் அவரே விண்ணப்பதாரரிடம் ஒரே ஒரு குறையைச் சொல்லட்டும், பிறகு இருவரும் மறுபடி பேசட்டும். இரண்டாவது முறையைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். முதல்முறை தடுமாறினாலும் சொன்னதை வாங்கிக்கொண்டு மாற்றிப் பேசுகிறவரைத் தைரியமாக எடுங்கள். முதல்முறையே சரளமாகப் பேசிவிட்டு, குறை சொன்னதும் தன் பக்க நியாயத்தை அடுக்குகிறவரிடம் தயங்குங்கள்.

ஒரு வேண்டுகோள். நேர்காணலில் அவரவர் சொந்தக் காயங்களைத் தோண்டாதீர்கள். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தவர் என்பதற்காக யாரையும் ஒதுக்கவும் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சிலர் தவறி உள்ளே வந்துவிடுவார்கள். முதல் பருவத்தின் முடிவில் எல்லாரையும் ஒருமுறை மறுபடி பாருங்கள். இந்த வேலை சரிப்படாது என்று தோன்றுகிறவரிடம் அப்போதே, மரியாதையாக, காரணத்தோடு சொல்லிவிடுங்கள். அப்படி ஒரு மறுபரிசீலனை உண்டு என்பதைச் சேர்க்கை அறிவிப்பிலேயே எழுதிவிடுவது நியாயம்.