கொழும்பில் உள்ள எங்கள் சிறிய நிறுவனத்தில் செயற்கை நுண்ணறிவை எங்கிருந்து தொடங்குவது?

பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் எழுதுபொருள் மொத்த வியாபாரம், கணினி படித்தவர் யாருமில்லை, எந்த மென்பொருளை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஏறத்தாழ இதே அளவுள்ள கடைகளுக்குக் கணக்கு வேலை செய்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரே தகவலை யார் இரண்டாம் தடவை எழுதுகிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். வட்ஸ்அப்பில் வந்த ஓடரைக் கொப்பியில் குறித்து, பிறகு சிட்டை எழுதி, மாலையில் அதையே எக்செல்லில் ஏற்றுகிறார்கள் என்றால், தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கணக்குப் போடும் வேலைக்குச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். 60,000 ரூபா சம்பளத்திற்கு முறையே 4,800, 7,200, 1,800. எக்செல்லில் மூன்று சூத்திரங்கள் போதும்; ஒவ்வொரு மாதமும் ஒரே விடைதான் வரும். சாட்ஜிபிடி போன்றவை அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து எழுதுபவை. சம்பளத்தையும் வரியையும் ஊகத்திடம் ஒப்படைக்காதீர்கள்.

அவை உண்மையில் கைகொடுக்கும் இடம் வேறு. கொழும்பில் ஒரு மொத்த வியாபாரிக்கு வரும் ஓடர்களைப் பாருங்கள். கண்டியிலிருந்து சிங்களத்தில் ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து தமிழில் ஒன்று, வத்தளையிலிருந்து ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் ஒன்று, நடுவே ஒரு நலம் விசாரிப்பு. இதை எந்தச் சூத்திரத்தாலும் பிரிக்க முடியாது. பத்து வருடங்களுக்கு முன் மனிதக் கண் மட்டுமே செய்யக்கூடியதாக இருந்த இந்த வேலையை இன்று சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் ‘மொழி மாதிரி’ (language model) செய்கிறது: செய்தியைக் கொடுத்தால் பொருள், அளவு, எண்ணிக்கை என்று அட்டவணையாகத் தருகிறது. சிறிய கடைகளுக்கு இந்தத் தொழில்நுட்பம் கொடுத்திருக்கும் மிகப் பெரிய உதவி இது என்றே நினைக்கிறேன். மூன்று மொழியும் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தனியாகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளப் பெரிய நிறுவனங்களால் மட்டுமே முடிந்தது.

ஆனால் அது சறுக்கும் இடமும் இதுவே. “பெரிய கொப்பி 5” என்று வந்தால் ஐந்து கொப்பியா, ஐந்து டசினா? 120 பக்கமா, சீ.ஆர். கொப்பியா? மாதிரி ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுத்து, தயங்காமல் எழுதிவிடும். ஆகவே உங்கள் பொருட் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்து, “பட்டியலில் உள்ள பெயரை மட்டும் எழுது, சந்தேகம் இருந்தால் வெறுமையாக விட்டுக் குறித்துக் காட்டு” என்று கட்டளையிடுங்கள். வெறுமையான வரிகளை நிரப்ப வேண்டியவர் உங்கள் கடையில் நீண்ட காலம் ஓடர் எடுத்த அந்த அண்ணன்தான். எந்த வாடிக்கையாளர் டசினில் பேசுவார், யார் தனித்தனியாக எண்ணுவார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவரை முதல் நாளே பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்த ஏற்பாடு தன்னை வீட்டுக்கு அனுப்பத்தான் என்று அவர் நினைத்துவிட்டால், அந்த அறிவு எந்தப் பட்டியலிலும் ஏறாது. அவருடைய வேலை போகாது என்பதை முதலாளியே வாயால் சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

இதற்கெல்லாம் முன் அந்தப் பொருட் பட்டியல் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரு பொருளுக்கு ஓர் இலக்கம், அதன் கீழ் மூன்று மொழிப் பெயர்கள். உங்கள் பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினிக் கோப்பில் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. கூகுளாலும் தேட முடியாது, மாதிரியும் குழம்பும். சிங்களத்தின் பழைய எப்.எம். எழுத்துருக்களுக்கும் இதே நிலைதான். மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. மாற்றிய பின் ஒவ்வொரு வரியையும் ஒருவர் வாசித்துப் பார்க்கட்டும். சலிப்பான வேலை, ஆனால் ஒரே முறைதான்.

சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் எதைப் போடக்கூடாது என்பதையும் எழுதி ஒட்டிவையுங்கள். முக்கியமாக அடையாள அட்டை இலக்கங்கள். நம் இலக்கத்திலிருந்தே பிறந்த ஆண்டையும் நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் கணக்கிட்டுவிடலாம்; பெண்களுக்கு நாள் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஊழியர் விவரத்தை அப்படியே ஓர் இலவசத் தளத்தில் ஒட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது.

செலவைப் பற்றி ஒரு விடயம். மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டி வாசிக்கின்றன. பெரும்பாலானவற்றில் தமிழும் சிங்களமும் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாகின்றன. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறவிடும் சேவைகளில் அதே செய்திக்கு நாம் கூடுதலாகச் செலுத்துகிறோம். பில்லும் பெரும்பாலும் டொலரில்தான் வரும். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐ நெருங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது வருடச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தவர்களுக்கு அதே மென்பொருள் ஏறத்தாழ 80 சதவீதம் விலை கூடியது.

அதனால் மாதச் சந்தாவாகவே எடுங்கள். மென்பொருள் விற்பவர் உங்கள் கடைக்கு வந்தால், உங்கள் வாடிக்கையாளர் விவரமும் நிலுவைக் கணக்கும் முழுவதும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். “முடியும்” என்ற பதில் போதாது. உங்கள் முன்னிலையிலேயே எடுத்துக் காட்டச் சொல்லி, அந்தக் கோப்பை உங்கள் சொந்தக் கணினியில் திறந்து பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.